தோளுக்கு விடுமுறை கிடையாது

டென்னிஸ் ஆடுகிறவருக்குத் தோள் வலி வந்தால் எல்லோரும் சொல்லும் மருந்து ஓய்வு. நடக்கிறவர் ராக்கெட்டைப் பையில் போட்டுவிட்டால் தோள் ஓய்ந்துவிடும். வீல்சேர் டென்னிஸ் ஆடும் எனக்கு அது நடக்காது. கட்டிலிலிருந்து சேருக்கும், சேரிலிருந்து கழிவறைக்கும், அங்கிருந்து காருக்கும் என் உடம்பை முழுதாகத் தூக்கிப் போடுவது இதே தோள்தான். சேரைத் தள்ளுவதும் அதுவே.

போன சீசனில், பெங்களூரு கப்பன் பார்க் மைதானத்தில் நடக்கும் போட்டிகளுக்குத் தயாராகும்போது வலது தோளில் வலி ஆரம்பித்தது. தலைக்கு மேல் கை போனால் சுரீர் என்றது. ஸ்கேனில் தசைநார் கிழியவில்லை, வீங்கியிருக்கிறது என்று வந்தது. ஆடுவதை நிறுத்தலாமா என்பதுதான் முதல் கேள்வி. நம் தரவரிசைப் புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரம். போன வருடம் வாங்கிய புள்ளி இந்த வருடம் அதே சமயத்தில் உதிர்ந்துவிடும். வளர்ந்து வரும் வயதில் ஒரு சீசனை முழுதாக விட்டால், அடுத்த வருடம் நல்ல போட்டிகளில் நுழையவே போராட வேண்டியிருக்கும்.

ஃபிசியோ மேடம் டென்னிஸைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "எப்பெப்போ வலிக்குதுன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாம்மா" என்றார். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் வலி மைதானத்துக்கு வெளியே வந்தது. சேரை விட உயரமான கட்டிலில் ஏறும்போது, காரில் உட்கார்ந்தபடி சேரின் சக்கரங்களைக் கழற்றிப் பின்சீட்டில் போடும்போது, நெடுநேரம் உட்கார்ந்தால் புண் வராமலிருக்க இரு கைகளையும் ஊன்றி எழும்பும்போது.

எனவே வைத்தியம் வீட்டில் ஆரம்பித்தது. அப்பா கட்டில் காலை அறுத்துச் சேரின் உயரத்துக்குக் கொண்டுவந்தார். காருக்கு மாற வழுவழுப்பான பலகை ஒன்று வாங்கினோம். கையை ஊன்றி எழும்புவதை விட்டுவிட்டு, முன்னால் நன்றாகக் குனிந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் அழுத்தத்தை இறக்கப் பழகினேன். தினசரி சேரின் அச்சைச் சற்று முன்னால் நகர்த்தினோம். இப்போது கை சக்கரத்தின் தள்ளும் வளையத்தில் அதிக நேரம் தங்குகிறது. குட்டிக் குட்டியாகப் பலமுறை தட்டாமல் நீளமாகச் சிலமுறை தள்ளினால் போதும். டயரில் காற்று குறைந்தால் ஒவ்வொரு தள்ளலிலும் தோள்தான் அதற்கு விலை கொடுக்கும். வாரம் ஒருமுறை காற்றுப் பாருங்கள். இவ்வளவு சாதாரணமான விஷயத்தை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், எனக்கு ஐஸ் பையை விட இவைதான் அதிகம் உதவின.

மைதானத்தில் செய்த மாற்றம் கடினமானது. உட்கார்ந்து ஆடும்போது எகிறி வரும் பந்து தோளுக்கும் மேலே வந்து நிற்கும். அங்கே ஓங்கி அடிப்பதுதான் வீங்கிய தசைநாருக்குப் பெரிய பகை. எங்கள் விதிப்படி பந்து இரண்டு முறை தரையில் படலாம், இரண்டாவது முறை கோட்டுக்கு வெளியே பட்டாலும் சரி. கோச் சார் என்னைப் பின்னால் இறக்கி, பந்து இரண்டாவது முறை குதித்து இடுப்பு உயரத்தில் இருக்கும்போது அடிக்கச் சொன்னார். இதனால் எதிராளிக்கு நேரம் கிடைக்கிறது, நான் கூடுதலாகச் சேரை ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆனாலும் தோள் தாங்கியது. சர்வில் வேகத்தை விட்டுவிட்டு, பந்தைச் சற்று முன்னால் தூக்கிப் போட்டு ஸ்லைஸ் மட்டும் வைத்துக்கொண்டேன். பயிற்சியை மணிக்கணக்கில் அளப்பதை நிறுத்தி, எத்தனை சர்வ் அடித்தேன் என்று எண்ண ஆரம்பித்தோம். தோளுக்கு மணி தெரியாது, வீச்சுதான் தெரியும்.

இந்த மாற்றங்களோடு ஆடியபோது, நான் முன்பு சுலபமாக ஜெயித்த ஒருத்தியிடம் முதல் சுற்றிலேயே தோற்றேன். அன்று இரவு அழுதேன். அடுத்த போட்டியில் ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையர் மட்டும் ஆடினேன். மைதானத்தில் பாதிதான் என் பொறுப்பு, புள்ளியும் வந்தது.

அந்த நாட்களில் ஜப்பானின் வீல்சேர் டென்னிஸ் வீரர் ஷிங்கோ குனியேதாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 2016-இல் வலது முழங்கையில் அறுவை சிகிச்சை, அதே ஆண்டு ரியோ பாராலிம்பிக் ஒற்றையரில் காலிறுதியோடு வெளியேற்றம். பிறகு நீண்ட ஓய்வு. 2018-இல் ஆஸ்திரேலிய ஓப்பனை ஜெயித்துத் திரும்பினார், டோக்கியோவில் தங்கம், 2022-இல் அதுவரை கைக்கு எட்டாத விம்பிள்டன் ஒற்றையர் பட்டம். காயத்துக்குப் பின் வந்த வெற்றிகள் அவை என்பது எனக்குப் பெரிய தைரியம்.

ஊசி பற்றி ஒரு எச்சரிக்கை. தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் ஆடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஊசியாகச் செலுத்தும் குளுக்கோகார்ட்டிகாய்டு மருந்துகள் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டவை. மருந்து உடம்பில் தங்கும் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊக்கமருந்து விதி தெரிந்த மருத்துவரைக் கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.

பயணத்தில் உதவ வருகிறவர்கள் அன்பாகத்தான் வருகிறார்கள். ஆனால் ரயிலில் ஏற்றும்போது அக்குளில் கை கொடுத்து இழுப்பார்கள். வலிக்கிற தோளுக்கு அது ஒரு மேட்ச் ஆடியதற்குச் சமம். "அண்ணா, கையைப் பிடிக்காதீங்க, சேரோட ஃபிரேமைப் பிடிச்சுத் தூக்குங்க" என்று அவர்கள் தொடும் முன்பே சொல்லிவிடுவேன். கூச்சப்படத் தேவையில்லை.

இப்போது புதிதாக ஆட வரும் பிள்ளைகளின் பெற்றோர் எந்த ராக்கெட் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். முதலில் சேரைப் பிள்ளையின் அளவுக்குப் பொருத்துங்கள் என்கிறேன். அடுத்து ரப்பர் பேண்ட். சேர் ஓட்டுவதால் நெஞ்சுத் தசை தானாகவே இறுகும், முதுகுப் பக்கம் பலவீனமாகவே கிடக்கும். பேண்டைக் கதவில் கட்டிப் பின்னால் இழுப்பதும், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவதும் வலி வருவதற்கு முன்பே பழக வேண்டியவை. ராத்திரி தோள் வலிக்கிற பக்கம் படுக்க முடியவில்லை என்று பிள்ளை சொன்னால் மறுநாள் சர்வ் வேண்டாம். ஃபோர்ஹேண்டும் சேர் திருப்பும் பயிற்சியும் கொஞ்சமாக இருக்கட்டும், காலையிலும் வலி மிச்சமிருந்தால் அதுவும் வேண்டாம்.