குப்பைக்குப் போகும் தண்டும் வேரும்



கடைக்கு வரும் தாய்மார்களில் சிலர், "நானா, வெங்காயத்தாளின் வேரைத் தண்ணீரில் வைத்தால் மறுபடியும் முளைக்குமாமே, மெய்தானா?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். கல்லாவில் நின்றுகொண்டு சொல்லி முடிகிற காரியமன்று. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

மெய்தான். ஆனால் எல்லாம் முளைப்பதில்லை. முளைப்பவை எல்லாம் ஆணத்துக்கு உதவுவதுமில்லை. அன்றியும் இதில் ஓர் ஆபத்து உண்டு. அதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

இது புதிய வித்தையன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் இத்தீவில் அரிசி அரிதானபோது, ஜனங்கள் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டுப் பசியாறினார்கள். மரவள்ளிக்கு விதை வேண்டியதில்லை, தண்டை ஒடித்து ஊன்றினால் போதும். சர்க்கரைவள்ளிக்குக் கொடித் துண்டு போதும். இன்றைக்கும் சிங்கப்பூர் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. 2020-ஆம் ஆண்டு தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை அனுப்பியது நினைவிருக்கும்.

வெங்காயத்தாளிலிருந்து தொடங்குவோம். வேரோடு ஓர் அங்குலம் வெள்ளைப் பகுதியை விட்டு, மேலே உள்ளதை நறுக்கிக்கொள்க. அடிப்பகுதியைச் சிறு கிளாசில் நிறுத்தி, வேர் மட்டும் நனையுமளவுக்குத் தண்ணீர் விடுக. முழுவதும் மூழ்கினால் அழுகி நாற்றமெடுக்கும். வெளிச்சம் வரும் சன்னலோரம் வைத்தால் ஒரு வாரத்தில் தாள் எழும்பிவிடும். இருமுறை, மும்முறை அறுக்கலாம். ஒவ்வொரு தடவையும் தாள் மெலிந்துகொண்டே வரும். ஏனெனில் அது வளர்வது பெரும்பாலும் வெள்ளைப் பகுதியில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டு. வெறும் தண்ணீரில் சத்து எங்கே இருக்கிறது? மூன்றாம் அறுப்புக்குப் பின் மண்ணில் நட்டால் இன்னும் சில காலம் தரும்.

நம் வீட்டுக்கு மெய்யாகப் பயன்பட்டது புதினாதான். பிரியாணிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் அது இல்லாமல் முடியாது. ரமலான் மாதத்தில் நாமே கடையில் புதினாவுக்குத் திண்டாடுவோம். கட்டில் பூ விடாத, திடமான தண்டுகளைப் பொறுக்கி, ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைக்க வேண்டும். வேர் புறப்படுவது அந்தக் கணுவிலிருந்துதான். தண்ணீருக்குள் இலை கிடந்தால் எல்லாம் அழுகும். பத்து நாளைக்குள் வெள்ளை வேர் விடும். அப்போது சட்டிக்கு மாற்றினால் பல மாதம் கிள்ளலாம். கங்கோங் கீரையின் அடித்தண்டும் இவ்விதமே. ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் நூல்போல் நீளும்.

செராய் வாங்கும்போது அடிக்கட்டை வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதை வியாபாரி சீவி எடுத்திருந்தால் எத்தனை வாரம் காத்திருந்தாலும் வேர் வராது. (நாமும் அழகுக்காகச் சீவி விற்றவர்கள்தாம். இப்போது கேட்பவர்களுக்குச் சீவாமல் தருகிறோம்.) இஞ்சிக்குத் தண்ணீர் ஆகாது. முளைக்கண் உள்ள துண்டை ஈரமண்ணில் புதைத்துவிட்டு எட்டுப் பத்து மாதம் பொறுக்க வேண்டும்.

இனி, ஏமாற்றம் தருபவை. கேரட்டின் தலையை வைத்தால் தழைதான் வரும், கேரட் வராது. பூண்டுப் பல்லிலும் தாள் வரும், நம் வெப்பத்தில் பூண்டு திரளாது. கோஸின் அடிக்கட்டை நாலு சிறு இலை காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். உருளைக்கிழங்கு முளைத்துப் பச்சை நிறம் ஓடியிருந்தால் அதனைத் தின்னவே கூடாது, அது விஷம்.

இப்போது அந்த ஆபத்தைச் சொல்லுகிறோம். 2020-இல் கொரோனாவால் யாவரும் வீட்டில் அடைந்திருந்த மாதங்களில், நம் அடுப்பங்கரைச் சன்னலில் பதினொரு பாட்டில்கள் நின்றன. இஸ்ராபு செய்யாமல் இருக்கிறோம் என்று நமக்கு உள்ளூர ஒரு பெருமை. செராய் வைத்த பாட்டிலை மட்டும் மூலைக்குத் தள்ளிவிட்டு மறந்துபோனோம். சோதனைக்கு வந்த அதிகாரி விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே கூத்தாடிப் புழுக்கள் நெளிந்தன. அபராதம் கட்டினோம். அது பெரிதன்று. மேல்மாடியில் இருந்த மலாய் மாக்சிக்கின் பேரப்பிள்ளை அந்த வாரம் டெங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தான். நம் பாட்டிலில் பிறந்த கொசுதான் கடித்ததா என்பதை அல்லாஹ்வே அறிவான். பிள்ளை பிழைத்து வந்தான், அல்ஹம்துலில்லாஹ். நாம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, மாக்சிக் நமக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்தத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. அவ்வாண்டு சிங்கப்பூரில் டெங்கி கண்டவர்கள் 35,000-க்கு மேல்.

ஏடிஸ் கொசுவுக்குக் கையளவு சுத்தமான தண்ணீரே போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் சுவரில் ஒட்டிவைக்கும். அது காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, வேரையும் குழாயடியில் அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். வாய் குறுகி, கை நுழையாத பாட்டில் வேண்டவே வேண்டாம். தேய்க்க முடியாது.

கொட்டும் தண்ணீரை வீணாக்காமல் மண்சட்டிச் செடிக்கு விடலாம். சட்டிக்கு அடியிலுள்ள தட்டிலும் நீர் தேங்கவிடக் கூடாது. நாம் தட்டுகளையே எடுத்துவிட்டோம். வெளிச்சன்னல் விளிம்பில் சட்டி வைக்காதீர்கள், விழுந்தால் கீழே போகிறவர் தலை போய்விடும்.

நம் வீட்டில் இப்போது பதினொன்று இல்லை. இரண்டே கிளாஸ்கள், ஒன்றில் புதினா, ஒன்றில் வெங்காயத்தாள். வேர்விட்டதும் சட்டிக்குப் போய்விடும். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று தண்ணீர் மாற்றுவது நம் இளைய மகளின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் நாமும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவோம்.