நோய்ப் படுக்கையில் தவக்காலம்: சோதனையை வெல்லுதல்

திருநீற்றுப் புதனன்று தொடங்கும் தவக்காலம், செபம், நோன்பு, அறச்செயல் என்னும் மூன்றினால் நம்மை உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஆயத்தப்படுத்துகிறது. ஆயினும் நோயுற்றோர் பலர், நோன்பிருக்க இயலவில்லையே என்று வருந்துகின்றனர். அவர்களும் அவர்களுக்குத் துணையிருப்போரும் மத்தேயு 4:1–11 பகுதியை ஊன்றி வாசித்தல் நலம்.

நாற்பது நாள் நோன்பிருந்து பசியுற்ற வேளையில்தான் சோதிப்பவன் இயேசுவை அணுகினான். உடல் தளரும்போது சோதனை வலுப்பெறுகிறது. எனவே நோயில் அச்சமும் எரிச்சலும் எழுவது நம்பிக்கையின்மை ஆகாது. சோதிக்கப்படுவது பாவமன்று, அதற்கு இசைவதே பாவம்.

முதற்சோதனை, கல்லை அப்பமாக்குவது. அதாவது, வேட்கையை உடனே தணித்துக்கொள்வது. மருத்துவர் விலக்கிய உணவின்மீது கை நீளும்போது இதையே சந்திக்கிறோம்.

இரண்டாம் சோதனை, கோவிலின் உயரத்திலிருந்து குதித்துக் கடவுளைச் சோதிப்பது. "இறைவன் காப்பார்" என்று மருந்தை நிறுத்துவதும் இத்தகையதே. இன்சுலின் செலுத்திக்கொள்பவர் உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மருத்துவரைக் கேளாமல் நோன்பைத் தொடங்கலாகாது.

மூன்றாம் சோதனை, உலக அரசுகளுக்காகத் தீயோனை வணங்குவது. எப்படியேனும் குணமானால் போதும் என்று, பொய் வாக்குறுதி தருவோரிடம் நம்மை ஒப்புவிக்கத் தூண்டுவதும் இதுவே.

மூன்று முறையும் இயேசு மறைநூல் வாக்கினாலேயே விடையளித்தார். நாமும் ஒரு சிறு இறைவாக்கை மனத்தில் பதித்துக்கொள்வோம். நீண்ட செபம் சொல்ல இயலாத இரவிலும் அது துணைநிற்கும்.

திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை 18 வயது நிறைவடைந்தது முதல் 60ஆம் வயது தொடங்கும்வரை உரியது. நோயுற்றோரை அது கட்டுப்படுத்தாது. நற்கருணை பெறுமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியோ முதியோருக்கும் நோயுற்றோருக்கும் மட்டுமன்றி, அவர்களைப் பேணுவோருக்கும் தளர்த்தப்பட்டுள்ளது. நோயாளரைப் பேணுதல் எத்துணை உயர்ந்த பணி என்பதை இதனால் உணரலாம்.

அவ்வாறாயின் நமது நோன்பு யாது? கசக்கும் மருந்தை உரிய வேளையில் உட்கொள்வது, கடுஞ்சொல்லை அடக்குவது, அடுத்த படுக்கையில் இருப்பவருக்காக மன்றாடுவது. துணையிருப்போருக்கோ, களைப்பிலும் பொறுமை காப்பதே நோன்பு.

சோதிப்பவன் சிறிது காலமே விலகினான் என்று லூக்கா எழுதுகிறார். இன்று வென்ற சோதனை நாளையும் வரலாம். இன்று தவறியவரும் மனந்தளர வேண்டாம்; இறைவனின் இரக்கம் நாளையும் காத்திருக்கும்.

சிந்தனைக்கு: இம்மூன்றனுள் என்னை மிகுதியாக வாட்டும் சோதனை எது? இன்று நான் அடக்க வேண்டிய சொல் எது?