சினை பிடிக்காத பசு

கோடையில் நம் செஞ்சிக் குன்றுகளின் பாறைகள் அனல் கக்குவதை அறிவீர்கள். அவ்வெயிலில், நிழலின்றிக் கட்டப்பட்ட பசுவின் உடலில் நிகழ்வது யாது?

வெப்பமோ, பசியோ, அச்சமோ வாட்டும்போது, சிறுநீரகத்தின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கின்றது. பலவகைத் துன்பங்களுக்கு உள்ளான எலிகளில் இச்சுரப்பி பெரிதாவதை 1936-இல் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் எடுத்துக் காட்டினார்.

ஆபத்தில் உயிர்காக்கும் இந்த ஹார்மோன், நெடுநாள் மிகுந்திருந்தால் தீங்காகிறது. மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்லும் ஹார்மோன் கட்டளைகள் குன்றுகின்றன. கருமுட்டை உரிய காலத்தில் வெளிப்படுவதில்லை. ஏறத்தாழ 21 நாட்களுக்கொருமுறை வரும் பருவ அறிகுறிகளும் மங்கிவிடுகின்றன. சினை ஊசி போட்டும் பயனில்லை. முடிவில், "மலட்டு மாடு" என்று அதைச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள்!

நாட்டு மாடுகளைவிட ஜெர்சி கலப்பினப் பசுக்கள் வெயிலுக்கு விரைவில் வாடும். அவற்றிற்கு ஓலைக் கொட்டகையும், எந்நேரமும் குளிர்ந்த நீரும், பசுந்தீவனமும் தேவை. அடித்தலும் அதட்டலும் ஆகா.

சினை பிடிக்காமைக்குச் சத்துக்குறைவு, நோய் முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆகவே, விற்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் கூறுங்கள். வாயில்லாச் சீவனுக்கு நாம் தரும் நிழல், வீட்டிற்குக் கன்றும் பாலுமாகத் திரும்பி வரும்.