ஆழம் அறிந்து கால் வைப்போம்: மெக்சிகோ கடற்கரைக்கு ஒரு பயணத் திட்டம்

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' எனும் பழமொழியைத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டிலேயே மனனம் செய்தவள் நான். தேர்வில் அதன் பொருளை எழுதி முழுப் புள்ளியும் பெற்றிருக்கிறேன். ஆனால் அதன் உண்மைப் பொருள் எனக்கு விளங்கியது இருபத்திரண்டாம் வயதில், ஒரு விமானச் சீட்டு வாங்கப் போன இடத்தில்தான். அங்குக் கற்ற பாடத்தை இந்த ஆண்டு மலர் வழி உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் அக்கா மின்னணுத் துறைப் பொறியாளர். சென்ற ஆண்டு நிறுவனப் பணிக்காக மெக்சிகோ நகருக்குச் சென்றார். அங்கிருந்து திரும்புவதற்குள் அம்மாவையும் என்னையும் அழைத்து ஒரு வாரம் கடலோரத்தில் தங்கவைக்க வேண்டும் என்பது அவரது ஆசை. அம்மா பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தவர். அவர் பார்த்த கடல் போர்ட்டிக்சன் மட்டுமே. அதிலும் முழங்கால் அளவுக்கு மேல் இறங்க மாட்டார். கடப்பிதழே இந்த ஆண்டுதான் முதன்முதலாக எடுத்தார். விமானச் சீட்டுக்கென்று தம் சேமிப்பிலிருந்து எட்டாயிரம் வெள்ளியை என்னிடம் கொடுத்து, "நீதானே படித்த பிள்ளை, பார்த்துச் செய்" என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்த ஊர் புவேர்த்தோ எஸ்கொந்தீதோ. தென் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் பசிபிக் பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் அது. பெயரின் பொருள் 'மறைந்திருக்கும் துறைமுகம்'. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மலைத் தோட்டங்களில் விளைந்த காப்பிக்கொட்டையைக் கப்பலேற்றும் இடமாக அது வளர்ந்தது. பின்னர் மீனவர் ஊராகவும், அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற இடமாகவும் ஆனது. தோட்டத்தால் வளர்ந்த துறைமுகம் என்றதும் தோட்டத்தில் பிறந்த அம்மாவுக்கு ஊர் பிடித்துவிட்டது. எனக்கோ அதன் படங்கள் பிடித்திருந்தன. அவ்வளவுதான் எங்களுக்கு அப்போது தெரியும். மற்றவற்றை ஐந்து கேள்விகளாகப் பிரித்துக்கொண்டு தேடினேன்.

1. எந்த வழியாகப் போவது?

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு மெக்சிகோவிற்குச் சுற்றுலா விசா தேவையில்லை. 180 நாள் வரை தங்க இயலும். எத்தனை நாள் என்பதை அங்குள்ள குடிநுழைவு அதிகாரி முடிவு செய்வார். இதைப் படித்த மகிழ்ச்சியில் கிடைத்ததிலேயே மலிவான சீட்டைத் தேடிப் பிடித்தேன். வழி: லாஸ் ஏஞ்சலஸ். மற்ற வழிகளைவிட ஆளுக்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் வெள்ளி குறைவு. பணம் செலுத்தும் பக்கம் வரை வந்துவிட்டேன்.

அன்று மாலை எங்கள் துறையின் மூத்த மாணவர் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டார்: "அமெரிக்க விசா இருக்கிறதா, தங்கச்சி?" "நாங்கள் அமெரிக்காவிற்குப் போகவில்லையே, அண்ணா. விமானம் மாறத்தானே போகிறோம்?" என்றேன். அங்குதான் ஆழம் இருந்தது. பல நாடுகளில் விமானம் மாறும் பயணி குடிநுழைவுச் சாவடியைக் கடக்காமலேயே அடுத்த விமானத்திற்குச் செல்லலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. இரண்டு மணி நேரமே நின்றாலும் நாட்டிற்குள் நுழைவதாகவே கருதப்படும். மலேசியர்களுக்கு அதற்கு முன்கூட்டியே விசா வேண்டும். விசா இல்லையென்றால் கோலாலம்பூரிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நிலை வேறு. அவர்கள் விசா விலக்குத் திட்டத்தின் கீழ் இணையம் வழி முன் அனுமதி பெற்றால் போதும்.

முடிவில் டோக்கியோ வழியைத் தேர்ந்தெடுத்தோம். அங்கிருந்து மெக்சிகோ நகருக்கு நேரடி விமானம் உண்டு. ஜப்பானிற்கும் நமக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. தொள்ளாயிரம் வெள்ளியை மிச்சப்படுத்தப் போய் அம்மாவின் எட்டாயிரத்தையும் இழந்திருப்பேன். ஆகவே, போகும் நாட்டின் விதியை மட்டுமன்றி, கால் பதிக்கும் ஒவ்வொரு விமான நிலையத்தின் விதியையும் படியுங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால், பணம் செலுத்தும் முன் தூதரகத்தின் அறிவிப்பையும் ஒருமுறை பாருங்கள்.

2. எப்போது போவது?

பல்கலைக்கழக விடுமுறை நமக்கு இரண்டு முறை வருகிறது. ஆண்டு நடுவில் வரும் நீண்ட விடுமுறையில் போகலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். கிழக்குப் பசிபிக்கில் சூறாவளிப் பருவம் மே 15 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. 2022 மே 30-இல் அகாதா எனும் சூறாவளி, புவேர்த்தோ எஸ்கொந்தீதோவிற்குக் கிழக்கே புவேர்த்தோ ஆங்கெல் எனும் ஊரின் அருகில் கரை கடந்தது. 2025 ஜூன் 19-இல் எரிக் எனும் சூறாவளி அதே மாநிலத்தின் மேற்குப் பகுதியில் கரையேறியது. மழையும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம்.

நம் கிழக்குக் கரையை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெர்ஹெந்தியான் தீவிற்கு யாரும் திட்டம் போடுவதில்லை. நம் தீவுகள் மூடிக் கிடக்கும் மாதங்கள்தாம் மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு நல்ல மாதங்கள்.

எனவே பிப்ரவரி என்று முடிவாயிற்று. "தைப்பூசம் முடியட்டும்" என்றார் அம்மா. அது ஒரு நல்ல யோசனையாகவே அமைந்தது. ஊருக்கு மேற்கே மனியால்தெப்பெக் எனும் காயல் இருக்கிறது. அதன் நீரில் வாழும் நுண்ணுயிர்கள், நீரைக் கலக்கினால் நீல ஒளி வீசும். எல்லா இரவும் அது தெரியும் என்று உறுதி கூற இயலாது. நிலவில்லாத இரவில்தான் தெளிவாகத் தெரியும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. அதிலிருந்து இரண்டு வாரம் கழித்தால் அமாவாசை. பயண வழிகாட்டிகளில் தேடியதை அம்மாவின் நாட்காட்டி ஒரே பார்வையில் சொல்லிவிட்டது!

3. எந்தக் கரையில் இறங்குவது?

என்னை மயக்கிய படங்கள் பெரும்பாலும் சிக்காத்தேலா கடற்கரையின் படங்கள். நீண்ட மணற்பரப்பு, மாலைச் சூரியன், சுருண்டு விழும் மாபெரும் அலை. உலகெங்குமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் அந்த அலையைத் தேடியே வருகிறார்கள். அதே காரணத்தால் அது குளிப்பதற்கு உரிய கரை அன்று. அலையின் வேகமும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் திணறடிக்கக்கூடியவை. முழங்கால் அளவுதானே என்று நிற்பவரின் காலடி மணலையும் திரும்பும் அலை அரித்துவிடும். அம்மாவை நான் நிற்கவைத்துப் படமெடுக்க நினைத்த இடமே அதுதான்.

அடுத்துக் கண்டது காரிசாலியோ எனும் சிறு வளைகுடா. நீர் அமைதியானது. ஆனால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பத்துமலையின் 272 படிகளை நேர்த்திக்கடனாக ஏறிய அம்மாவின் முழங்கால்கள் இப்போது அப்படி இல்லை. இறுதியில் மீனவர் படகுகள் நிற்கும் ஊரின் முதன்மைக் கடற்கரை அருகிலேயே தங்குமிடம் பார்த்தோம். படி இல்லை, வளைகுடா அலையைத் தணிக்கிறது. சிக்காத்தேலாவைத் தூரத்தில் அமர்ந்து பார்க்கலாம்.

நீந்தத் தெரிந்த நண்பர்கள் ஒன்றை நினைவில் கொள்க. இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துவிடக் கூடாது. பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு தளர்ந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

4. எதைக் கொண்டு போவது?

அம்மாவின் முதல் கேள்வி, "ரைஸ் குக்கரை எடுத்து வரட்டுமா?" என்பதுதான். மெக்சிகோவின் மின்னழுத்தம் 127 வோல்ட். நம்முடையது 230 வோல்ட் அளவினது. செருகியும் வேறு. நம் குக்கர் அங்கே சோற்றை வேகவைக்காது, ஊறத்தான் வைக்கும். கைப்பேசி மின்னூட்டிகள் பெரும்பாலும் இரண்டிற்கும் பொருந்துவன. செருகி மாற்றி ஒன்றிருந்தால் போதும்.

பணத்திலும் ஒரு பொறி உண்டு. மெக்சிகோ பேசோவின் குறியும் டாலர் குறியேதான். உணவகப் பட்டியலில் 120 என்று அக்குறியோடு கண்டால் அது பேசோ, பதற வேண்டியதில்லை. நம் வெள்ளியை அங்கு மாற்றுவது எளிதன்று என்பதால் கொஞ்சம் அமெரிக்க டாலரும், வங்கி அட்டையும் எடுத்துச் செல்கிறோம். குழாய் நீரைக் குடிக்கலாகாது. புட்டி நீரையே நாட வேண்டும். கரையோரத்தில் டிங்கி உண்டு என்பதால் கொசு விரட்டும் பூச்சும் பையில் இருக்கும்.

அம்மாவிற்கு இரத்த அழுத்தம் உண்டு. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கெந்திங் மலையைவிட உயரம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, முதல் இரண்டு நாள் அக்காவின் வீட்டில் ஓய்வு என்று வைத்துக்கொண்டோம். அங்கிருந்து கரைக்கு உள்நாட்டு விமானம். திரும்பும்போது வஹாக்கா நகருக்குச் சாலை வழி. அந்த மலைச்சாலை ஆறு மணி நேரத்திற்கு மேல் வளைந்து வளைந்து போகும் என்று பழைய வழிகாட்டி நூல்கள் எச்சரிக்கின்றன. தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறுவதற்குள்ளேயே அம்மாவுக்குத் தலை சுற்றும். எனவே அதைக் கைவிடவிருந்தோம். 2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டு, பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரமாகக் குறைந்துவிட்டது என்பது பிறகே தெரிந்தது. தகவலைப் படித்தால் மட்டும் போதாது, அது எந்த ஆண்டின் தகவல் என்றும் பார்க்க வேண்டும்.

5. எந்தச் சொல்லை நம்புவது?

மொழிக் கழகத்து மலர் என்பதால் இதை இறுதியில் வைத்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நம் போன்றோர்க்கு ஸ்பானிய மொழி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொற்கள் மலாயிலும் தமிழிலும் உள்ளன. ஸ்பானியமோ போர்த்துகீசியத்தின் உடன்பிறப்பு. ஸ்பானிய 'மேசா' நம் மேசை, மலாயில் 'மேஜா'. கொடியை மலாயில் 'பெண்டேரா' என்கிறோம், ஸ்பானியத்தில் 'பந்தேரா'. கடற்கரையில் 'பந்தேரா ரோஹா' என்றால் சிவப்புக் கொடி, இறங்காதே என்று பொருள். ஏழாண்டுகள் பள்ளிச் சபைகூடலில் கொடிக்கு முன் நின்ற எனக்கு அந்தச் சொல் இனி மறக்காது.

ஆனால் தெரிந்த சொல் கைகொடுப்பதைப் போலவே, தெரிந்தது போன்ற சொல் காலை வாரியும் விடும். வெண்ணெய்க்கு மலாயில் 'மெந்தேகா'. ஆகவே மெக்சிகோ உணவுக் குறிப்பில் 'மந்தேக்கா' என்று கண்டதும் வெண்ணெய் என்றே எண்ணிக் கடந்துவிட்டேன். அங்கே மந்தேக்கா என்பது பன்றிக் கொழுப்பு! வெண்ணெயை வேறு சொல்லால் குறிக்கிறார்கள். மசித்த அவரை பெரும்பாலும் இந்தக் கொழுப்பில்தான் தாளிக்கப்படும். வஹாக்காவின் புகழ்பெற்ற த்லாயுதா எனும் பெரிய சோள அடையின் மேலும் பன்றிக் கொழுப்பு தடவுவது வழக்கம். கறி இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. அம்மா அமாவாசை தவறாமல் அப்பாவுக்காக விரதம் இருப்பவர். எங்கள் பயணத்தில் அமாவாசையும் வருகிறது. நான் 'வெண்ணெய்தான் அம்மா, சாப்பிடுங்கள்' என்று என் கையால் எடுத்துக் கொடுத்திருப்பேன். அதை எண்ணினால் விசாவைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்குகிறது.

இப்போது அம்மாவுக்கு இரண்டு ஸ்பானியச் சொற்கள் மனப்பாடம்: 'சின் மந்தேக்கா', அதாவது 'பன்றிக் கொழுப்பு இல்லாமல்'. சிற்றுண்டிச்சாலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிப் பார்க்கிறாராம். மெக்சிகோ நமக்கு 14 மணி நேரம் பின்தங்கியது என்று அறிந்த பிறகு, "அப்படியானால் அங்கே அமாவாசை எந்தத் தேதியில்?" என்று கேட்டார். நான்காண்டுப் பட்டப்படிப்பில் எந்த விரிவுரையாளரும் என்னை அப்படித் திணறடித்ததில்லை. அமாவாசை நேரம் உலகிற்கு ஒன்றுதான். அங்குள்ள தேதி ஒருநாள் முன்னதாக இருக்கக்கூடும். இரண்டு நாளும் விரதம் இருந்துவிடுகிறேன் என்று அம்மாவே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அன்புத் தோழர்களே, நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் கடக்கப் போகிறவர்கள். நம்மை நம்பிக் காசைக் கையில் கொடுப்பவர்கள் நம் பட்டத்தை நம்பிக் கொடுக்கிறார்கள். எந்த வழி, எந்தப் பருவம், எந்தக் கரை, எந்தப் பொருள், எந்தச் சொல் என்ற ஐந்து கேள்விகளையும் எந்த ஊருக்கும் கேட்கலாம். விடை தெரிந்த கேள்வியைக் காட்டிலும், தெரியும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் கேள்வியை இருமுறை கேளுங்கள். விமானச் சீட்டிலும் வெண்ணெயிலும் நான் தடுக்கி விழவிருந்தது அங்கேதான்.

தைப்பூசம் முடிந்ததும் புறப்படுகிறோம். அம்மா முழங்கால் அளவே இறங்குவார். அந்த அளவு நீர் அவருக்குப் பாதுகாப்பானது என்று இப்போது என்னால் சொல்ல முடியும்.