சக்கர நாற்காலியும் சாய்தளமும்

மாடி வகுப்பிற்குச் செல்ல இயலாத மாணவரை நண்பர் நால்வர் தூக்கிச் செல்வது அன்பின் செயலே. ஆயினும் அவர்கள் வரும் வரை அவர் காத்திருக்க வேண்டும். பிறர் துணையின்றி, விரும்பிய நேரத்தில் அவர் தாமே செல்ல வழி என்ன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மருத்துவமனைகளில் நாம் காணும் சக்கர நாற்காலி, பிறர் தள்ளிச் செல்வதற்கு ஏற்றது. தாமே செலுத்துவோர்க்கு அது பொருந்துவதில்லை. இருக்கை மிக அகலமானால் சக்கரத்தை எட்டக் கைகள் விரிய வேண்டும். தோள் விரைவில் நோகும். பின்சக்கர அச்சைச் சற்று முன்னே அமைத்தால் எடை பெரிய சக்கரங்களின்மேல் விழும், உருட்டுவது எளிதாகும். மிகவும் முன்னே வைத்தாலோ நாற்காலி பின்புறம் கவிழும். எனவே செருப்பைப் போல நாற்காலியும் ஆளுக்கேற்ற அளவில் அமைய வேண்டும்.

இத்துறையில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் குழுவினரின் பணி குறிப்பிடத்தக்கது. அமர்ந்தவர் தாமே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' நாற்காலி 2019-இல் வெளிவந்தது. 2021-இல் அளவுக்கேற்ப அமைக்கும் 'நியோஃப்ளை' நாற்காலியும், அதன் முன்னே பூட்டும் 'நியோபோல்ட்' மோட்டார் இணைப்பும் வந்தன. இவ்விணைப்பு மணிக்கு 25 கி.மீ. வேகம் வரை செல்லும்.

நல்ல நாற்காலியும் ஒரு படியின் முன் நின்றுவிடும். சாய்தளத்திற்கு 1:12 சரிவு வேண்டும். அதாவது 6 அங்குல உயரப் படிக்கு 6 அடி நீளம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ எனில், உராய்வு நீங்கலாக, 7½ கிலோ எடைக்குரிய விசை போதும். அதே சாய்தளத்தை 3 அடியில் முடித்தால் விசை இருமடங்காகும், கைகள் தளர்ந்துவிடும்.

நம் வட்டாரத்தைப் பார்ப்போம். 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. நிலையத்தில் மின்தூக்கி உண்டு. ஆனால் நிலையத்தை அடைவதற்குள் உடைந்த நடைபாதையையும் துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளையும் கடக்க வேண்டும். கடற்காற்றின் உப்போ நாற்காலியின் பேரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்யும். திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் எண்ணூரில் லாரியும் உருவாக்கிய தொழிலாளர் கைகளுக்கு இவற்றைப் பழுதுபார்ப்பது அரிதன்று.

பொதுக் கட்டடங்கள் தடையின்றி அமைய வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. மாணவ நண்பர்களே, நாம் செய்யத்தக்க முதற்பணி எளியது. ஓர் அளவு நாடாவுடன் நம் வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடப் படிகளை அளந்து, எங்கெங்கு எத்தனை அடிச் சாய்தளம் தேவை எனக் கணக்கிட்டு முதல்வரிடம் அளிப்போம். தூக்கிச் செல்லும் அன்பைவிடத் தானே வர விடும் அன்பு பெரிது!