செவலையின் காதுவில்லை

செங்கத்துப் பக்கம் வெள்ளத்துக்குக் காப்பீடு எடுக்கச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். வைகாசியில் கிணற்று மோட்டார் பத்து நிமிடம் ஓடினால் காற்றுதான் வரும். போரை இன்னும் நூறு அடி இறக்கலாமா, கடன் கிடைக்குமா என்று யோசிக்கிற ஊரில் வெள்ளமாவது காப்பீடாவது. செய்யாறும் பெயருக்குத்தான் ஆறு. வருஷத்தில் பாதிக்கு மேல் மணலும் முள்ளும்தான். மலைபடுகடாம் சொல்லும் நன்னனின் செங்கண்மா நம்ம ஊர், சேயாறு நம்ம ஆறு என்று தமிழாசிரியர் சொன்னபோது வகுப்பில் ஒருத்தரும் நம்பவில்லை.

ஆனால் அந்த ஆறு பிறப்பது ஜவ்வாது மலையில். நம் தலைமேல் மழை பெய்யாவிட்டாலும் மலையில் பெய்தால் போதும், ஓடைத் தண்ணீரெல்லாம் சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும். செய்யாற்றின் குறுக்கே உள்ள குப்பநத்தம் அணை 59 அடி. அது நிரம்பிவிட்டால் மேலிருந்து வருகிற தண்ணீரை அப்படியே கீழே விட்டுத்தான் ஆக வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. கடற்கரை எங்கே, நாம் எங்கே என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தோம். மறுநாள் ஞாயிறு முழுக்க விடாத மழை. பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். திங்கள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு இரவு எனக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டி, "மாமா, ஏரி கோடி போவுது, ஓடை தாங்காது போலக்கீது" என்றதுதான்.

வீட்டுக்குள் முழங்கால் அளவு ஏறியபோது பிள்ளைகளையும் பீரோவில் இருந்த பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போய்விட்டோம். கொட்டகையில் இரண்டு மாடு. கன்றுபோட்ட மாட்டை என் மனைவி அவிழ்த்துவிட்டாள். மற்றது செவலை. அதன் கயிறு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. இருட்டில் முடிச்சு கைக்குச் சிக்கவில்லை, கத்தி எடுக்க வீட்டுக்குள் போக முடியவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது மூங்கில் தடுப்போடு சேர்ந்து சாய்ந்து கிடந்தது. அவிழ்த்துவிட்ட மாடு ஏரிக்கரைமேல் மேய்ந்துகொண்டிருந்தது.

செவலைக்குக் காப்பீடு இருந்தது, கால்நடை மருந்தகத்தில் முகாம் போட்டபோது எடுத்தது. ஆனால் காதில் வில்லை இல்லை. ஆடி மாதமே வேலிக்கம்பியில் மாட்டி அறுந்து விழுந்திருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக்தானே, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். காப்பீட்டில் மாடு என்பது அந்த வில்லையில் இருக்கும் 12 இலக்க எண்தான். எண் இல்லாத காதைக் காட்டி இது அந்த மாடுதான் என்று யாரிடம் நிரூபிப்பது? பணம் வரவில்லை. பிழை என்னுடையது. மாடு மீட்கப்போய்ச் செத்தவனுக்கெல்லாம் நடுகல் நட்டுப் பெயர் வெட்டிவைத்த ஊர் இது. நான் ஒரு வில்லையைத் திரும்ப மாட்டவில்லை.

அரசு நிவாரணம் மட்டும் கிடைத்தது. அந்தப் புயலுக்குப் பசு, எருமை இறந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று அறிவித்திருந்தார்கள். அதற்கும் கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து எழுதித் தர வேண்டும், விஏஓ பார்த்துப் போக வேண்டும். துக்கத்தில் உடனே புதைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் ஆறு ஆட்டை அன்றைக்கே குழி தோண்டி மூடிவிட்டு, ஒரு போட்டோகூட இல்லாமல் நாலு மாதம் அலைந்தார்.

நிவாரணம், காப்பீடு இரண்டையும் நம் ஆட்கள் ஒன்றாகப் பேசுகிறார்கள். நிவாரணம் அரசு அந்த நேரத்தில் பார்த்து அறிவிப்பது. பக்கத்து மாவட்டத்துக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்காமல் போகலாம். காப்பீடு நாம் காசு கட்டி எழுதி வாங்கியது. ஆனால் எழுதியிருப்பது என்னவோ அதற்கு மட்டும்தான் பணம். எழுதியிருப்பதை நான் படித்ததே வெள்ளம் வடிந்த பிறகுதான்.

எனக்கு ஓடையோரம் ஒன்றரை ஏக்கர் சம்பா நெல். பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் பதிந்திருந்தேன். ஏக்கருக்கு ஐந்நூற்றுச் சொச்சம். காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயி கட்டுவது, மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. கதிர் வரும் பருவத்தில் நாலு நாள் தண்ணீர் நின்றது. 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டு 14447-க்கு மறுநாளே போன் போட்டேன். நெல் மூழ்கினால் தனி வயலாகப் பார்ப்பதில்லை என்றார்கள். விசாரித்தால், 2018-லேயே நெல்லைத் தனி வயலாகப் பார்க்கிற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அப்படியானால் நெல்லுக்கு எப்படிக் கணக்கு? ஊரில் சில இடங்களைத் தேர்ந்து அறுவடைச் சோதனை செய்வார்கள். ஊரின் சராசரி மகசூல், நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால்தான் எல்லாருக்கும் பணம். எங்கள் ஊரில் மேட்டுக்கழனியெல்லாம் அந்த வருஷம் நன்றாக விளைந்தது. சராசரி இறங்கவில்லை. ஓடையோரத்தில் இருந்த நாங்கள் பதினைந்து இருபது பேர் அந்தச் சராசரிக்குள் காணாமல் போனோம்.

அந்தப் புயலுக்கு அரசு நிவாரணம் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, அதுவும் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏழாயிரம்கூட வராது. உழவுக்கும் நடவுக்குமே அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன்.

இப்போது அந்த விதி மாறுகிறது. வெள்ளத்தில் மூழ்கும் நெல்லைத் தனி வயல் இழப்பாக மறுபடி சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது, 2026 காரிஃப் பருவத்திலிருந்து. காட்டுப் பன்றி போன்ற விலங்குச் சேதத்தையும் கூடுதலாகச் சேர்க்க வழி வைத்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு இரண்டுமே வேண்டியவை. பதிவு செய்யும்போதே இவை நம் மாவட்டத்துக்கு, நம் பயிருக்கு உண்டா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சேதமானால் 72 மணி நேரக் கெடு அப்படியே இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுச் செயலியில், இடம் பதியும்படி, தண்ணீர் நிற்கும்போதே படம் எடுத்து அனுப்ப வேண்டும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிறவர்களுக்குத் தனி வயலாகப் பார்க்கிற வசதி ஏற்கெனவே உண்டு. மல்லாட்டை போட்ட என் பங்காளி, "மானாவாரிக்கு எதுக்குடா காப்பீடு" என்று கட்டாமல் விட்டான்.

பதியும்போது ரசீதை நின்று படியுங்கள். என் வயலுக்கு அடங்கலில் உட்பிரிவு 2ஏ என்றிருந்ததைப் பதிவு மையத்தில் 2பி என்று தட்டியிருந்தார்கள். 2பி என் சித்தப்பாவுடையது. அன்றே பார்த்ததால் திருத்த முடிந்தது.

வீட்டு விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஓட்டுவீட்டுக்கு நான் எதுவும் எடுத்திருக்கவில்லை. டவுனில் வங்கிக்கடனில் வீடு கட்டிய என் மச்சானுக்கு, தன் கடன் கோப்புக்குள் ஒரு பாலிசி இருப்பதே தெரியாது. "கேட்டுப் பாருடா" என்று நான்தான் விரட்டினேன். பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒன்று, 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டியது. வெள்ளம், புயல், மண்சரிவு எல்லாம் அடங்கும். மனை விலை சேராது, வீட்டைத் திரும்பக் கட்டுகிற செலவுக்குத்தான். கட்டடத்துக்கு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சத்துக்கு மிகாமல், உள்ளே இருக்கும் சாமானுக்கும் தானாகவே சேரும். மச்சான் செய்த தப்பு, நாற்றம் தாங்காமல் மெத்தையையும் மிக்சியையும் தெருவில் எறிந்துவிட்டு, அதன்பிறகு தகவல் சொன்னது. சர்வேயர் வந்தபோது காட்டுவதற்குச் சுவரில் இருந்த தண்ணீர்க்கோடுதான் மிச்சம். முதலில் வீடியோ, அப்புறம் துடைப்பம்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊத்தங்கரையில் பஸ்ஸையும் வேனையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போன வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். போலீஸ் கேட்டால் காட்டுவதற்கென்று எடுக்கிற மூன்றாம் நபர் காப்பீட்டில் வெள்ளத்துக்கு ஒரு பைசா கிடையாது. முழுக் காப்பீடு இருந்தாலும், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீரை இழுத்துவிட்டால், எஞ்சினுக்கென்று தனியாகக் கட்டியிருந்தால் ஒழியப் பணம் வருவது கஷ்டம். உதைக்காமல் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

செவலையின் இடத்தில் இப்போது ஒரு கிடாரி நிற்கிறது. காதில் வில்லை மாட்டிய அன்றே அதன் 12 இலக்க எண்ணையும் மகள் கொட்டகைச் சுவரில் பெயின்டால் எழுதிவைத்தாள், ஆள் உயரத்துக்கு மேலே. கட்டுத்தறியில் இழுத்தால் அவிழ்கிற சுருக்கு முடிச்சுதான் போடுகிறோம். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் என் மனைவி எழுந்து போய் அதை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள்.