ஒரே கடையில் இரண்டாம் பாகம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிதம்)

முன்னுரை

கரும்பும் மரவள்ளியும் விளையும் கள்ளக்குறிச்சிச் சீமையில் பிறந்தவன் கணினி விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆயின், இக்கட்டுரை விளையாடும் முறையைப் பற்றியதன்று. விற்கும் முறையைப் பற்றியது. ஒரு பொருளை ஒரே இடத்தில்தான் வாங்கலாம், ஒரே இடத்தில்தான் விற்கலாம் என்று கட்டுப்படுத்துவது முறையா என்னும் கேள்வி கரும்புக்கும் உண்டு. கணினி விளையாட்டுக்கும் உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே கடை வெளியீடு

முன்பு கணினி விளையாட்டுகள் குறுந்தகட்டில் வந்தன. எந்தக் கடையிலும் வாங்கலாம். இன்று அவை பெரும்பாலும் இணையக் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றுள் பெரியது, வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கிய ஸ்டீம். 2018 டிசம்பரில் அதற்குப் போட்டியாக எபிக் கேம்ஸ் ஸ்டோர் வந்தது. மக்கள் ஆவலுடன் எதிர்பார்க்கும் ஒரு விளையாட்டின் அடுத்த பாகத்தை ஓராண்டுக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு கடையில் மட்டும் விற்பதையே ஒரே கடை வெளியீடு என்கிறோம். முதற்பாகத்தை விளையாடியவர் அடுத்த பாகத்தை எப்படியும் தேடி வருவார். ஆகையால்தான் கடைக்காரர்கள் புதிய விளையாட்டுகளைவிட அடுத்த பாகங்களின் மேல் கண் வைக்கின்றனர்.

பழைய கதை

இது 2018க்குப் பின் முளைத்த வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1998இல் வந்த ஹாஃப் லைஃப் விளையாட்டின் இரண்டாம் பாகம் 2004 நவம்பரில் வெளிவந்தது. கடையில் குறுந்தகடு வாங்கியவரும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கி, இணையத்தில் பதிவு செய்த பின்னரே விளையாட முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய தகட்டுக்கு இன்னொருவர் அனுமதி எதற்கு என்று அன்றைய விளையாட்டாளர்கள் கொதித்தனர். அன்று வெறுக்கப்பட்ட அதே ஸ்டீமின் பக்கம் நின்றே, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பலர் எபிக்கை எதிர்த்தனர். பழகிய கட்டு கட்டாகத் தெரிவதில்லை.

2019ஆம் ஆண்டின் புயல்

நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019ஆம் ஆண்டிலேதான் இப்பூசல் முற்றியது. மெட்ரோ வரிசையின் மூன்றாம் பாகமான மெட்ரோ எக்ஸோடஸ், ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே, வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் எபிக் கடைக்கு மாற்றப்பட்டது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே விளையாட்டு கிடைத்தது. மற்றவர்கள் ஸ்டீமில் வாங்க ஓராண்டு காத்திருந்தனர். செப்டம்பரில் வந்த பார்டர்லேண்ட்ஸ் மூன்றாம் பாகம் ஆறு மாதம் கழித்து, 2020 மார்ச்சில் ஸ்டீமுக்கு வந்தது. கோபம் கொண்டவர்கள் அவ்விளையாட்டுகளின் முந்தைய பாகங்களுக்கு ஸ்டீமில் மோசமான மதிப்புரைகளைக் குவித்தனர். மகன் செய்த தவறுக்குத் தகப்பனை ஏசிய கதைதான்.

மூன்றாவது நிகழ்ச்சியே உள்ளத்தைத் தொடுவது. ஷென்மூ இரண்டாம் பாகம் 2001இல் வந்தது. மூன்றாம் பாகத்தை உருவாக்க 2015இல் 69,000க்கும் மேற்பட்ட அன்பர்கள் 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தனர். கணினியில் விளையாட விரும்பியவர்கள் ஸ்டீமில் கிடைக்கும் என்றே நம்பியிருந்தனர். 2019இல் அது எபிக் கடைக்கு மட்டும் உரியது என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பின், விரும்பியோர் பணத்தைத் திரும்பப் பெற வழி செய்யப்பட்டது.

எதிர்ப்போர் கூறுவன

எதிர்ப்போரின் வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, போட்டி என்பது நல்ல வசதி தந்து வெல்வது; பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு வெல்வது போட்டியாகாது. எபிக் கடையில் பல பொருள்களை ஒன்றாகச் சேர்த்து வாங்கும் கூடை வசதியே 2021 டிசம்பரில்தான் வந்தது. இரண்டாவது, நண்பர்கள், சேகரித்த விளையாட்டுகள், சேமித்த ஆட்டங்கள் எல்லாம் ஒரு கடையில் இருக்க, அடுத்த பாகம் வேறு கடையில் இருப்பது இடையூறு. மூன்றாவது, சொன்ன சொல் தவறியது.

ஆதரிப்போர் கூறுவன

ஆதரிப்போர் கணக்கை முன்வைக்கின்றனர். ஸ்டீமின் பொதுவான பங்கு நூற்றுக்கு 30. எபிக்கின் பொதுவான பங்கு 12. 1000 ரூபாய்க்கு ஒரு விளையாட்டு விற்றால், படைத்தவர் தரப்புக்கு முன்னதில் 700 ரூபாய், பின்னதில் 880 ரூபாய். இந்த 180 ரூபாய் சிறு நிறுவனங்களுக்கு வாழ்வா சாவா என்னும் வேறுபாடு.

அன்றியும், சில விளையாட்டுகள் இம்முறையாலேயே பிறந்தன. பின்லாந்தின் ரெமடி நிறுவனம் உருவாக்கி 2010இல் வெளிவந்த ஆலன் வேக் விளையாட்டின் இரண்டாம் பாகம் எபிக்கின் முதலீட்டில் உருவாகி, 2023இல் வந்தது. கணினியில் அது எபிக் கடையில் மட்டும் வெளியானது. செலவழித்த பணம் திரும்ப 2024ஆம் ஆண்டின் இறுதிவரை ஆயிற்று. அத்தகைய துணிச்சலான முதலீடு இன்றேல் அடுத்த பாகம் கனவாகவே நின்றிருக்கக்கூடும்.

வகைப்படுத்திப் பார்த்தல்

இருதரப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதால்தான் வாதம் முடிவதில்லை. ஒரே கடை வெளியீடு மூவகைப்படும் என்பது என் கருத்து. தன் பொருளைத் தன் கடையில் விற்பது முதல் வகை. ஹாஃப் லைஃப் இரண்டாம் பாகம் அது. தான் முதலிட்டு உருவாக்கியதைத் தன் கடையில் விற்பது இரண்டாம் வகை. ஆலன் வேக் இரண்டாம் பாகம் அது. பிறர் உருவாக்கி முடிக்கும் தறுவாயில், அல்லது வேறிடத்தில் கிடைக்கும் என்று மக்கள் நம்பியிருக்கும்போது, பணம் கொடுத்துத் தன் கடைக்குத் திருப்பிக்கொள்வது மூன்றாம் வகை. மெட்ரோவும் ஷென்மூவும் இதன்பாற்படும். விளையாட்டாளர்களின் சினம் மூன்றாம் வகையின் மேல்தான் மிகுதியாக எழுந்தது. கடை மாறியதைக் காட்டிலும் நம்பிக்கை முறிந்ததே அவர்களை வருத்தியது.

நம் பக்கத்து நிலை

இனி நம் ஊருக்கு வருவோம். 2020 மே மாதம், ஊரடங்குக் காலம். நான் பள்ளி மாணவன். எபிக் கடை ஜி.டி.ஏ. ஐந்தாம் பாகத்தை ஒரு வாரம் இலவசமாக அளித்தது. என் அண்ணன் தன் பழைய கணினியில் கணக்குத் தொடங்கி அதைப் பெற்றுக்கொண்டார். பிறகுதான் அளவு தெரிந்தது: 90 ஜி.பி.க்கு மேல்! எங்களிடம் இருந்தது கைப்பேசியில் நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. வகுத்துப் பார்த்தால் 60 நாள். வீட்டில் வேறு எவரும் கைப்பேசியைத் தொடாதிருந்தால்தான் இக்கணக்கும் சரி. என் இணையவழிப் பாடங்களும் அதே கைப்பேசியில்தான் நடந்தன. அண்ணன் இறக்குவதை நிறுத்திவிட்டு, "உன் பாடம் முடியட்டும்டா, அது எங்கயும் போயிடாது" என்றார். அவ்விளையாட்டை நாங்கள் இன்றுவரை ஆடியதில்லை.

கல்வராயன் மலையிலிருந்து வரும் என் வகுப்புத் தோழர் இதைக் கேட்டுச் சிரித்தார். கைப்பேசிக் கோபுரத்தின் அலை கிடைக்கும் பாறையைத் தேடி ஏறியவருக்கு ஸ்டீமும் ஒன்றுதான், எபிக்கும் ஒன்றுதான். "எந்தக் கடையில் விற்றால் என்ன, எங்கள் ஊருக்கு வழி இருக்கிறதா?" என்றார். கடைகளின் போரில் எவரும் எண்ணிப் பாராத கருத்து இது.

தந்தையார் சொன்ன அளவுகோல்

இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது என் தந்தையார் என்னவென்று கேட்டார். அவர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர், கரும்பு பயிரிடுபவர். விளக்கினேன். நம் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, ஓர் ஆலைக்கு இன்ன பகுதியின் கரும்பு என ஒதுக்க வழி செய்தது. ஆதலால் ஒரே இடம் என்னும் கட்டு அவருக்குப் புதிதன்று. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஆலைக்குத்தான் வெட்டணும்னா, அந்த ஆலையும் நம்ம கரும்ப வாங்கியே ஆகணும். ரெண்டு பக்கமும் கட்டு இருந்தா அது ஒப்பந்தம். ஒரு பக்கம் மட்டும் கட்டுனா அது கயிறு."

நான் பல நாள் படித்துத் தேடிய அளவுகோல் அதில் இருந்தது. ஒரே கடைக்கு வா என்று விளையாட்டாளரைக் கட்டும் நிறுவனம், தன்னை எதற்குக் கட்டிக்கொள்கிறது? நியாய விலைக்கா? பணத்தைத் திருப்பித் தருவதற்கா? கடை மூடினாலும் வாங்கிய பொருள் இயங்கும் என்னும் உறுதிக்கா? இவற்றுக்கு விடை இருந்தால் ஒரே கடை வெளியீட்டை ஏற்கலாம், இல்லையேல் எதிர்க்கலாம்.

முடிவுரை

பார்டர்லேண்ட்ஸ் நான்காம் பாகம் 2025 செப்டம்பரில் இரு கடைகளிலும் ஒரே நாளில் வெளிவந்தது. விளையாட்டாளர்களின் குரலும், ஒரே கடையின் விற்பனைக் கணக்கும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். எனினும் முந்தைய பாகத்தை ஏசி எழுதிய கோபத்தைவிட, "எங்களுக்கு என்ன உறுதி தருகிறீர்கள்?" என்று நிதானமாகக் கேட்கும் கேள்வியே நீடித்த பயன் தரும்.

நம்மில் பலர் நாளை மென்பொருள் எழுதுவோம். சிலர் இத்தகைய கடைகளிலேயே பணி புரிவோம். அப்போது, பாறை மேல் ஏறி அலை தேடும் ஒரு மாணவனும், பாதியில் இறக்கத்தை நிறுத்திய ஓர் அண்ணனும் நம் வாடிக்கையாளர்களே என்பதை மறவாதிருப்போமாக.